நீ என்று சொன்ன ஜெபம்

பிரேம்நாத் ஜெபம் செய்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். பள்ளிகொண்டாவில் அவர்கள் குடியிருந்த தெருவில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை, பெருமையாகத்தான் சொல்வார்கள். சபையில் மைக் பழுதாகிவிட்டால் ஆயர் பதறமாட்டார். மெல்லத் திரும்பி இரண்டாவது வரிசையைப் பார்ப்பார். பிரேம்நாத் எழுந்து நிற்பான், தொண்டையைச் செருமுவான், அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடி அதிரும். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கும் கைக்குழந்தைகள் விழித்துக்கொள்ளும். வயதான பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள்.

பக்கத்து வீட்டு மோகனா வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் பேத்திக்கு உடம்பு சுட்டால் முதலில் இந்த வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவாள். "அண்ணே, உங்க சாமிகிட்ட நீங்களே கேளுங்க. நீங்க கேட்டா எனக்கே கேக்குது, அவருக்குக் கேக்காதா?" என்பாள்.

பிரேம்நாத்துக்கு ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஃபாக்டரியில் வேலை. பதமாகி வந்த தோலுக்குச் சாயம் அடிக்கிற பகுதி. அவன் மனைவி நிஷாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும், இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஒரே மகள் தமிழினி ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலம் மூன்று பேரும் வந்து சேர்ந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், பாய் விரித்துக் குடும்ப ஜெபம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஜெபத்தில் நிஷாவின் பங்கு கடைசியில் வரும் ஆமென் மட்டும்தான். அவளை யாரும் தடுக்கவில்லை. அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கணவனின் வாயிலிருந்து "தேவரீர்" என்றும் "உம்முடைய சமுகத்தில்" என்றும் கொட்டும் வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடி, அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அவளுக்கென்று ஒன்று இருந்தது. அதை ஜெபம் என்று அவள் நினைத்ததில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை.

கம்பெனியில் காலை ஷிப்ட் தொடங்கிச் சிறிது நேரத்தில் எல்லா மெஷின்களும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பிக்கும். தனித்தனியாகக் கேட்ட சத்தங்கள் ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே இரைச்சலாகும். கொஞ்ச நேரம் போனால் அந்த இரைச்சலும் காதைவிட்டு நீங்கிவிடும். மழைக்குள்ளேயே நின்றுவிட்டவனுக்கு மழைச் சத்தம் கேட்காமல் போவதுபோல. அப்போதுதான் நிஷாவுக்குப் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதனால் திரும்பமாட்டாள். காய்ச்சலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது தெரியுமே, அப்படித் தெரியும். கை தைத்துக்கொண்டே இருக்கும், மனசு பேசிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் குழந்தைகளின் ஷூக்கள்தான் அவள் கைக்கு வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் மேல்பாகங்கள். "இது எந்த ஊர் பாப்பாவுக்குப் போவுது? அங்க பனி கொட்டுமா? நீ பாத்திருப்பியே" என்று கேட்பாள். பதில் வராது. ஒரு நாளும் வந்ததில்லை. அதைப் பற்றி அவளுக்கு மனக்குறையும் இருந்ததில்லை.

சபையில் "நீர்" என்று சொல்லப்படுகிறவர் தையல் மெஷின் முன்னால் "நீ" ஆகிவிடுவார். அவள் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டாள். அந்த "நீ"யை நினைத்து அவளுக்கு வெட்கமாகத்தான் இருக்கும். பசி தாங்காமல் குண்டானிலிருந்தே கையைவிட்டு அள்ளிச் சாப்பிடுவதில்லையா, யாரும் இல்லாதபோது? அந்த மாதிரி.

ஈஸ்டர் கழிந்த சமயத்தில் பிரேம்நாத்தின் தொண்டை கட்டிக்கொண்டது. சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மிளகும் பனங்கற்கண்டும் சேர்த்துக் கஷாயம் குடித்தான். சுக்கு மென்றான். சாயம் அடிக்கும் இடத்தில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை மட்டும் விடவில்லை. அறுப்பின் பண்டிகை அன்று, வாழைக்குலையும் பூசணியும் அரிசி மூட்டையும் பீடத்துக்கு முன்னால் குவித்திருக்க, அவன் நன்றி சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தான். பாதி வாக்கியத்தில் குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தான். காற்றுதான் வந்தது. சபை முழுக்கக் கண்ணை மூடிக் காத்திருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். நிஷா முதலில் திறந்துவிட்டாள். அவன் முகம் அப்போது இருந்த விதத்தை அவள் பிறகு மறக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் கை நழுவித் தொலைந்துபோன குழந்தையின் முகம்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். குரல் நாணில் கட்டி. கெட்ட கட்டி இல்லை, பயப்படவேண்டாம், எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தார்கள். "நாங்க சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது. முனகக்கூடக் கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

இப்படித்தான் அந்த வீட்டுக்குள் அமைதி வந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். நிஷாவுக்கு முதலில் அந்த அமைதி பயமாக இருந்தது, பிறகு விநோதமாக இருந்தது, பிறகு அவளே அறியாமல் அதற்குள் இறங்கிவிட்டாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் கேட்காத சத்தங்கள் கேட்டன. கூரைத் தகட்டில் மழை விழுவது ஒரே சத்தம் இல்லை, மேற்கு ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி. ரங்கநாதர் கோயில் மணி காற்று இருக்கும் திசையைப் பொறுத்துக் கிட்டே வரும், தள்ளிப்போகும். தமிழினி படிக்கும்போது உதடு அசைத்து முணுமுணுப்பாள். எல்லாவற்றுக்கும் அடியில், தூரத்தில், பாலாறு. இந்த வருஷம் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் வந்திருந்தது. மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு ராத்திரியும் பகலும் ஏதோ சொல்லிக்கொண்டே போனது.

பிரேம்நாத் கூப்பிட வேண்டுமானால் விரலைச் சொடுக்குவான். தண்ணீர் வேண்டுமானால் டம்ளரைத் தட்டுவான். மற்றதெல்லாம் கண்ணும் கையும். வெளியே யாராவது பேச்சுக் கொடுத்தால் தொண்டையைத் தொட்டுக்காட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நிஷாவுக்கு அழுகை வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சாயங்காலம் பாய் விரித்து உட்கார்ந்ததும் அவன் நிஷாவைப் பார்த்துக் கையை நீட்டினான். நீ செய் என்று அர்த்தம்.

"நானா? எனக்கு வராதுங்க."

அவன் மறுபடி கையை நீட்டினான். நிஷா பரமண்டல ஜெபத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்து ஆமென் என்று முடித்தாள். மறுநாளும் அதுதான். அதற்கு மறுநாளும் அதுதான். அவள் சொல்லி முடித்த பிறகும் பிரேம்நாத் கண்ணைத் திறக்காமல் உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டு வெகுநேரம் இருப்பான். தாகமுள்ளவன் வற்றிய குழாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல இருக்கும் அது.

கம்பெனியில் ஏற்றுமதிக்கான கெடு நெருங்கியது. தினமும் ஓவர்டைம். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு வந்தாள் நிஷா. புடவை மாற்றி, தலையைத் துவட்டி, பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மெஷின் இரைச்சல் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஆறும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் மெல்லச் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. அவள் தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், முழங்காலளவு தண்ணீரில். தைத்து முடித்த சின்னச் சின்ன ஷூக்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் மிதந்து போயின, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வெளிச்சம் இருந்தது. பக்கத்தில் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தது தெரிந்தது. அவள் பேசினாள்.

"வந்துட்டியா? இன்னிக்கு ஒண்ணுமே முடியலப்பா. சூப்பர்வைசர் வந்து கத்திட்டுப் போறாரு, எனக்குக் கோவம்கூட வரல, தூக்கம்தான் வருது. ஆத்துல தண்ணி வந்துருக்கு, பாத்தியா? நீதானே அனுப்புன, உனக்குத் தெரியாதா இன்னா. எங்க வீடு எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா? சொல்லக்கூடாதுதான். அவரு பாவம், பேச முடியாம தவிக்கிறாரு. ஆனா எனக்கு நல்லா இருக்குது. இப்பதான் நீ எங்க வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்த மாதிரி இருக்குது. முன்னெல்லாம் அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள நீ எழுந்து போய்ட்ட மாதிரி இருக்கும். அவருக்குக் குரல் குடுத்துடு. குடுக்காம விட்டுடாத. அவருக்கு அதுதான் உசுரு. ஆனா கொஞ்சம் கம்மியா குடு. சத்தம் கம்மியா..."

"அம்மா!"

கண்ணைத் திறந்தாள். தமிழினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிரேம்நாத் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் சத்தமாகப் பேசிவிட்டோம் என்று நிஷாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"ஏங்க, அது... தூக்கத்துல ஏதோ..."

அவன் எழுந்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கி நடந்துவிட்டான்.

வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் தமிழினி நகர்ந்து வந்தாள். "அம்மா, நீ ஆண்டவர நீன்னு சொன்ன."

"தூக்கக் கலக்கம்டி."

"வந்துட்டியான்னு கேட்ட. அப்படின்னா டெய்லி வருவாரா?"

தமிழினி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பிடிச்சிருந்துது" என்று சொல்லி, தட்டு எடுக்க எழுந்துபோனாள்.

பிரேம்நாத் நனைந்து வந்தான். சாப்பிட்டான். அவள் ரசம் ஊற்றியபோது போதும் என்று கையைக் காட்டினான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நிஷாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் பாயில் உட்கார்ந்தபோது அவன் அவளைப் பார்த்துக் கையை நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். உதடும் அசையவில்லை. அவளும் மூடிக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எப்போது முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தமிழினியின் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது, அதையே ஆமென் என்று எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சொல்லாமல் உட்காருவது. அந்த நேரத்தில் நிஷாவின் மனசும் பேசவில்லை. பேசினால் வெளியே வந்துவிடுமோ என்ற பயம். கம்பெனியிலும் இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் மோகனா பேத்தியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே! கொள்ளிக்கட்ட மாதிரி சுடுது. பேஜாரா இருக்குது எனக்கு. கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க..." என்றவள், அவன் தொண்டையைத் தொட்டுக்காட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, மறந்தே போய்ட்டேன். அப்போ அண்ணி, நீங்க பண்ணுங்க. யாராச்சும் பண்ணுங்க."

பிரேம்நாத் நிஷாவைப் பார்த்தான். அவள் முன்னால் வந்து குழந்தையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். சபையில் சொல்லுகிற மாதிரி ஆரம்பிக்கலாம் என்று பார்த்தாள். "பரலோகத்தில் இருக்கிற..." என்று வாய் எடுத்தாள், மேலே வரவில்லை. அந்த வார்த்தைகள் அவளுடையவை இல்லை. தன் வார்த்தைகளைச் சொல்லலாம் என்றால் அவன் நிற்கிறான். ஒன்றுமே வரவில்லை. உள்ளங்கையில் சூடு மட்டும் இருந்தது. சின்ன நெற்றி, சின்னச் சூடு, அதற்குள் சிட்டுக்குருவிபோல அடித்துக்கொள்ளும் ஒரு நாடி.

அப்போது அவள் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது. சாயம் ஏறி நகக்கண் எல்லாம் பழுப்பாகிப்போன, தோலைத் தடவித் தடவித் தானும் பதம் பண்ணிய தோல்போல ஆகிவிட்ட கை. அது அவள் கையை அழுத்தவில்லை. சும்மா இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூரையில் மழை விழுந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகியது.

"முடிஞ்சுதா?" என்றாள் மோகனா சந்தேகத்தோடு.

"முடிஞ்சுது."

"ஒண்ணுமே சொல்லலியே அண்ணி?"

"சொன்னோம்" என்றாள் நிஷா.

பிரேம்நாத் அதற்குள் மழைக்கோட்டை எடுத்துவந்து குழந்தைக்குமேல் போர்த்தினான். பைக்கில் மோகனாவை உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் மோகனா தெருவெல்லாம் சொன்னது வேறு. "இத்தன நாள் சத்தமா பண்ணாங்க. இப்போ ஊமை ஜெபம்னு ஒண்ணு பண்றாங்க, அது இன்னும் ஜாஸ்தி வேல செய்யுது" என்றாள்.

மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு நாளில் இருவரும் லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போனார்கள். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார், புண் ஆறிவிட்டது என்றார். "இப்போ பேசுங்க. மெதுவா. உங்க பேரச் சொல்லுங்க."

பிரேம்நாத் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமப் போனவனை டாக்டரம்மா கையைக் காட்டித் தடுத்தார். அவன் வாயைத் திறந்தான். முதலில் மூச்சு வந்தது. பிறகு காய்ந்த சருகு தரையில் இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு, மெலிசாக, "பிரேம்நாத்."

"நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் தெளியும். ஆனா பழைய மாதிரி வராதுங்க. கட்டி இருந்த எடம் இறுகிப்போச்சு. பேசலாம், வேலைக்குப் போகலாம், எல்லாம் பண்ணலாம். கத்தக்கூடாது. சத்தமா பாடக்கூடாது. சத்தம் கம்மியாதான் இருக்கும்."

சத்தம் கம்மியாதான் இருக்கும். நிஷாவின் காதில் அது தன் குரலாகவே விழுந்தது.

அவன் மருந்து வாங்கப் போனான். அவள் வராந்தாவில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் மனசுக்குள் பொங்கி வந்தது. 'தூக்கத்துல சொன்னேன். தூக்கத்துல சொன்னத யாராச்சும் எடுத்துக்குவாங்களா? வேற எவ்ளோ கேட்டேன், அதெல்லாம் காதுல விழல, இது மட்டும் விழுந்துதா? அவருக்கு அதுதான் உசுருன்னும் சொன்னேனே, அது விழலியா?' கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் யாருடையதோ ஒரு பை இருந்தது. வேறு யாரும் இல்லை. முதல் முறையாக, உண்மையாகவே, யாரும் இல்லை. பையின் சொந்தக்காரி வந்து அதை எடுத்துக்கொண்டு போன பிறகு நாற்காலி இன்னும் காலியாயிற்று.

பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. பேசலாம் என்று சொல்லியிருந்தும் பேசவில்லை. பள்ளிகொண்டாவில் இறங்கியதும் பிரேம்நாத் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆற்றுப் பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். பாலத்தின் மேல் சாயங்காலக் கூட்டம். தண்ணீர் பார்க்க வந்தவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பவர்கள், பிள்ளைகளைத் தோளில் உட்காரவைத்திருப்பவர்கள். எல்லோரையும் தாண்டி, கூட்டம் குறைந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் ஓரமாக அவன் நின்றான். செம்மண் நிறம் போய்த் தெளிந்த தண்ணீர். வெயில் அதன்மேல் படுத்துக்கொண்டு கூடவே போனது. நாணல் திட்டுகளில் கொக்குகள் வெள்ளை வெள்ளையாக நின்றன.

"நான்தாங்க கேட்டேன்" என்றாள் நிஷா. "கம்மியா குடுன்னு நான்தான் கேட்டேன். என்னாலதான்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமே இல்லாத சிரிப்பு, கண்ணில் தண்ணீரோடு. பிறகு ஏதோ சொன்னான். காற்றில் போய்விட்டது. அவள் அவன் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"நீ கேட்டதும் குடுத்துட்டாரா?" அந்தச் சருகுக் குரல் கேட்டது. "அப்போ கட்டி தானா கரஞ்சிடணும்னு நான் கேட்டது இன்னா ஆச்சு? இத்தன வருஷம் ஊருக்கே கேக்கற மாதிரி கேட்டதெல்லாம் எங்க போச்சு?"

"தெரியலைங்க."

"எனக்கும் தெரியல."

ஆண்டவரைப் பற்றிய ஒரு விஷயத்தில் பிரேம்நாத் தெரியல என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அந்தச் சொல் அவனுக்குப் புதுச் சட்டைபோல இன்னும் உடம்போடு ஒட்டாமல் இருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது.

"அன்னிக்கு மழையில எழுந்து போனீங்களே. கோவம்தானே?"

அவன் மறுத்துத் தலையை அசைத்தான். "கோவம் இல்ல. பொறாமை." மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். "நான் ஜெபம் பண்ணும்போது கண்ண மூடுனா ஜனங்கதான் தெரிவாங்க. யாரு அழறாங்க, யாரு ஆமென் சொல்றாங்க, அதுதான் தெரியும். நீ பேசுனப்போ உன் பக்கத்துல ஒருத்தர் ஒக்காந்திருந்தாரு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நான் எதிர்ல ஒக்காந்து பாத்துட்டே இருந்தேன். என் வீட்லதான். எனக்குத் தெரியாம எத்தன வருஷமா வந்துட்டுப் போறாரோ."

நிஷா கைப்பிடிச் சுவரோரமாக அவன் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"உனக்குப் பதில் சொல்வாரா?"

"இல்ல. ஒரு தடவகூட இல்ல."

"அப்புறம்?"

"கேட்டுட்டு இருப்பாரு. அவ்ளோதான்."

"அது போதுமா உனக்கு?"

"சில நாள் போதும். சில நாள் போதாது. இன்னிக்கு அதுகூட இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒக்காந்து எவ்ளோ திட்டுனேன் தெரியுமா? யாருமே இல்ல. வெறும் நாற்காலிதான் இருந்துது."

பிரேம்நாத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கொக்கு எழும்பிப் பறந்து, தன் நிழலின்மேலேயே மறுபடி இறங்கியது.

"நான் மருந்து வாங்க கியூல நின்னுட்டு இருந்தேன்" என்றான். "இனிமே கிறிஸ்மஸ் பாட்டுக்கு வீடு வீடா போக முடியாதே, மேடையில நிக்க முடியாதேன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஒண்ணும் கேக்கல. கேக்கறதுக்கு ஒண்ணும் தோணல. அப்போ பக்கத்துல யாரோ வந்து நின்ன மாதிரி இருந்துது. திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல." அவளைக் கடைக்கண்ணால் பார்த்தான். "நீ அனுப்புனியா?"

நிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் அனுப்பல. நான் திட்டிட்டுல்ல இருந்தேன்."

"திட்டு தாங்காம என்கிட்ட வந்துட்டாரு போல."

அவள் அவன் தோளில் ஒரு அடி போட்டாள். பாலத்தின்மேல், அத்தனை ஜனம் பார்க்க. பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. கைப்பிடிச் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். இப்போது உண்மையாகவே அழுதான். அந்தப் பெரிய குரலுக்காக அழுதான். சின்ன வயதிலிருந்து அவனோடு வளர்ந்தது அது. இனி வராது. நிஷாவுக்கு ஒரு வேத வசனம் சொல்லலாம் என்று தோன்றியது, சொல்லவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று சொல்லலாம், அதையும் சொல்லவில்லை. அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அடியில் போய்க்கொண்டே இருந்தது. பாலம்தான் நகர்ந்து மேற்கே மிதந்து போகிற மாதிரி அவளுக்கு இருந்தது. அதன்மேல் அவர்கள் இருவரும், தோளில் பிள்ளைகளோடு நிற்கும் மனிதர்களும், எல்லோரும் சேர்ந்து போகிற மாதிரி. யாரிடமும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. வராந்தாவில் இருந்த அந்த வெறுமை இங்கேயும் இருந்தது. ஆனால் இங்கே அது பயமாக இல்லை.

வெயில் தாழ்ந்தபோது திரும்பி நடந்தார்கள். பாலம் முடிகிற இடத்தில் ஒரு பெண் கூடையில் சீத்தாப்பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழினிக்குப் பிடிக்கும். பிரேம்நாத் குனிந்து விலை கேட்டான்.

"இன்னா சாமி? கேக்கல."

அவன் மறுபடி கேட்டான். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், கூடையைச் சுற்றிக்கொண்டு வந்தாள், தலைத்துணியை ஒதுக்கிவிட்டு அவன் வாய்க்குக் கிட்டே காதைக் கொடுத்தாள். அவன் மூன்றாவது முறை கேட்டான். அவள் நிமிர்ந்து, பொக்கை தெரியச் சிரித்தாள்.

"இவ்ளோ மெதுவா கேட்டா நான் எப்படி சாமி ஜாஸ்தி சொல்றது?" என்றாள்.

நல்ல பழமாகப் பொறுக்கிப் போட்டாள். கனிந்து வெடித்திருந்த ஒன்றை இரண்டாகப் பிளந்து, வழியில் சாப்பிடுங்கள் என்று ஆளுக்குப் பாதியாகக் கையில் கொடுத்தாள். அவர்கள் அங்கேயே நின்று தின்றார்கள். வெள்ளைச் சதை விரலெல்லாம் ஒட்டியது. கறுப்புக் கொட்டைகளை நாக்கால் பிரித்துத் தண்ணீரை நோக்கித் துப்பினார்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி, யாருடையது தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டு. அவன் வாயில் பழத்தோடு ஏதோ சொன்னான். ஆற்றுச் சத்தத்தில் நிஷாவுக்கு அது கேட்கவில்லை. அவள் கிட்டே போனாள்.